மணி ஒன்று, விளக்கு ஒன்று, பம்பு ஒன்று

நாகூர் மீரானுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. அது ஒரு சைக்கிள்.

மலாக்காவில், காஜா பேராங்கில் அவர் இருந்த வீடு மனைவி மஜீதாவுடையது. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே வரவழைத்துக்கொள்வது நாகூர், காரைக்கால் பக்கத்தில் அவர்கள் ஜனங்களின் வழக்கம். மஜீதாவின் வாப்பா கடல் தாண்டி வந்தும் அந்த வழக்கத்தை விடவில்லை. முதலில் வீடு வாங்கினார். அதை மகள் பேரில் எழுதினார். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை தேடினார். ஆக, அந்த வீட்டுக்கு நாற்காலி, மேசை எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கடைசியாக வந்த சாமான் மீரான்.

கட்டில் அவள் சீர். அண்டா அவள் சீர். சுவர்க் கடிகாரம் அவள் சீர். அவர் தலை வைக்கும் தலையணையில்கூடச் சிவப்பு நூலால் தடிப்பாக 'மஜீதா' என்று தைத்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் எழுந்தால் அவர் வலது கன்னத்தில் அந்தப் பேர் பதிந்திருக்கும். மறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் அவர் எட்டு மணிக்கு முன்னால் வெளியே தலைகாட்டுவதில்லை.

துணிக்கடை அண்ணன் பேரில் இருந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு கடையில் துணி தீர்ந்துபோய், அண்ணன் பேர் மட்டும் பலகையில் மிஞ்சியது.

சைக்கிள் மட்டும் முழுக்க முழுக்க மீரானுடையது. கறுப்பு நிறம். இங்கிலாந்தில் செய்தது. முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு கம்பி, பின் சக்கரத்தில் நாற்பது. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் போகுமுன் எண்ணிப் பார்ப்பார். டயர் கிடைக்காத காலம் என்பதால் இரண்டு சக்கரத்துக்கும் கட்டி ரப்பர் போட்டிருந்தார். காற்றே வேண்டாம். ஆனாலும் காற்றடிக்கும் பம்பு பழையபடி சட்டத்தில் மாட்டியே இருந்தது.

"காத்தே இல்லாத சக்கரத்துக்குப் பம்பு எதுக்கு மச்சான்?" என்று மஜீதா ஒருமுறை கேட்டாள்.

"வண்டின்னா பம்பு இருக்கணும்."

"உபயோகம் இல்லாட்டியுமா?"

"இல்லாட்டியும்."

"சரிதான். வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு அப்படி இருக்குது," என்றாள்.

அந்தச் சைக்கிளில்தான் குடும்பமே ஓடியது. மஜீதா வீட்டின் பின்பக்கம் சாம்பல் நீரும் தேங்காய் எண்ணெயும் காய்ச்சிச் சவுக்காரம் செய்வாள். மீரான் அதைக் கட்டிக்கொண்டு தெங்கேராவுக்கும் பண்டார் ஹிலிருக்கும் போவார். வரும்போது செமாபோக் சுற்றி, சவுக்காரத்துக்கு மாற்றாக மரவள்ளிக் கிழங்கு வாங்கி வருவார். சைக்கிள் நின்றால் சவுக்காரம் நிற்கும். சவுக்காரம் நின்றால் கிழங்கு நிற்கும். அதற்குப் பிறகு நிற்பதற்கு அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்காது.

ஜப்பான் கணக்கில் அப்போது வருஷம் 2603. நம் கணக்கில் 1943. கணக்கில் அறுநூற்று அறுபது வருஷம் கூடியும் ஊரில் அரிசி கூடவில்லை. அந்த வருஷம் ஐந்தாம் மாதம் ஓர் உத்தரவு வந்தது. சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதைப் பதிந்து, எண் போட்ட தகரப் பில்லை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவர்கள் 'அந்நியர் பாரம்' என்று தனியாக ஒன்றை நிரப்ப வேண்டும். பில்லை இல்லாத வண்டி படைக்குப் போய்விடும்.

'அந்நியர்' என்ற சொல் மீரானுக்கு உறுத்தியது.

"இருபத்தாறு வருஷமா இந்த ஊர் வெயில்ல கறுத்திருக்கேன். நான் அந்நியனா?"

"கறுப்பு நாகூர்லேருந்தே கொண்டுவந்தது மச்சான். இந்த ஊர் மேல பழி போடாதீங்க."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அப்துல் கய்யூம் வந்தார். அவரும் சைக்கிள்காரர். ஆனால் அன்று நடந்து வந்தார். கையில் ஒரு பம்பு மட்டும் இருந்தது.

"நானா, போச்சு."

"என்ன போச்சு?"

"வண்டி. பதியக் கொண்டுபோனேன். பொறந்த ஊர் எதுன்னு கேட்டான். நாகப்பட்டணம்னேன். யார் ஆட்சின்னான். வெள்ளைக்காரன், பிரிட்டிஷ்னேன்."

"உண்மையையா சொன்னே?"

"சொல்லிட்டேன் நானா."

"ஆபீஸ்ல போய் எவனாவது உண்மையைச் சொல்லுவானா?"

"பொய் சொன்னா மொதல்ல கன்னம், அப்புறம் கம்பின்னு எழுதி ஒட்டியிருக்கான். பயந்துட்டேன். எதிரி நாட்டான் வண்டின்னு சொல்லி உள்ளே தள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

"பம்பை மட்டும் விட்டானா?"

"பாரத்துல 'வண்டியோடு சேர்ந்த சாமான்கள்'ன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல மணி, விளக்கு எழுதினேன், பம்பை எழுத மறந்துட்டேன். எழுதாத சாமானைத் தொட மாட்டானாம். கூப்பிட்டுக் கையில கொடுத்தான். நியாயமான ஆளு."

பிறகு கய்யூம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா எனக்கு முன்னாடி நின்ன காரைக்கால்காரருக்குப் பில்லை கிடைச்சுது. காரைக்கால் பிரெஞ்சு ஊராச்சே. பிரெஞ்சுக்காரனை இவங்க கூட்டாளின்னு கணக்கு வச்சிருக்காங்களாம்."

நாகூருக்கும் காரைக்காலுக்கும் நடுவில் பத்து மைல்கூட முழுசாக இல்லை. இந்தப் பக்கம் அடித்த காற்று அந்தப் பக்கம் வீசும். ஆனால் நடுவில் ஓர் எல்லைச் சாவடி. சாவடிக்குத் தெற்கே பிறந்தவன் எதிரி, வடக்கே பிறந்தவன் கூட்டாளி. மீரான் தெற்கே பிறந்திருந்தார். மஜீதா வடக்கே.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அவளைக் கேலி செய்துவந்ததே அதை வைத்துத்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் 'பிரெஞ்சுக்காரி சமையல்'. வாய்ச்சண்டையில் அவள் ஜெயித்தால் 'பிரெஞ்சுச் சட்டம்'. பெரும்பாலும் அந்த வீட்டில் பிரெஞ்சுச் சட்டம்தான் நடந்தது.

அன்று மத்தியானம் மஜீதா சவுக்காரப் பாளத்தை நூல் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். மீரான் விஷயத்தைச் சொல்லி முடித்தார். அவள் நூலை விடாமலே பதில் சொன்னாள்.

"இதுக்கு ஏன் இவ்வளவு வேர்வை? என் பேர்ல பதிஞ்சிட்டாப் போச்சு."

மீரான் எழுந்து நின்றார்.

"வீடு யார் பேர்ல?"

"என் பேர்ல."

"கட்டில்?"

"அதுவும்."

"தலவாணி?"

"உங்க கன்னத்தைக் கேளுங்க."

"அப்ப வண்டியாவது என் பேர்ல இருக்கட்டும் புள்ளெ! ஒரு மனுஷன் மவுத்தாப் போனா இன்னது அவனுதுன்னு சொல்ல ஒண்ணாவது வேணாமா?"

"உங்க பேர்ல வச்சா ஜப்பான்காரன் பேருக்குப் போயிடுமே."

"போகாது. ஆம்பளை மூளைன்னு ஒண்ணு இருக்குது."

"எங்கே வச்சீங்க?"

மீரான் மூளையைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க காரைக்கால்ல பொறந்தேன்னு சொன்னாலும் எவன் நம்புவான்? மத்தவங்களுக்கெல்லாம் வாப்பா பேரைச் சொன்ன பிறகுதான் ஊர் தெரியும். உங்களுக்குப் பேரே ஊருல தொடங்குது. நாகூர் மீரான்! பேரைச் சொன்னதுமே மாட்டிக்குவீங்க."

"வேற பேர் சொன்னா?"

"சொன்னாக் காயிதம் காட்டணுமே. என்கிட்ட இருக்கிற மாதிரிப் பொறந்த காயிதம் உங்ககிட்ட உண்டா? எங்க வாப்பா பத்திரமா வச்சிருந்து கொடுத்தாங்க. பொட்டியில மேலாப்புலதான் கெடக்குது. இப்ப அதனால யாருக்கு என்ன பிரயோசனம்! கோழி கிண்டின மாதிரிப் பிரெஞ்சு எழுத்து. படிச்சா ஆம்பளையா பொம்பளையான்னுகூட இங்கே ஒருத்தனுக்கும் தெரியாது."

மீரானின் காது விடைத்தது.

"பதிவுக்குக் கடைசி நாள் என்னிக்கு?" என்றார், வேறு எதையோ கேட்பதுபோல.

"வியாழக்கிழமைன்னாங்க. அன்னிக்கு விடியும்போதே நான் தெங்கேராவுக்குப் போயிடுவேன். சபியா ராத்தாவுக்கு மேலு சரியில்லை. பொட்டிச் சாவி ஆணியில தொங்கும், எடுத்து வெளையாடாதீங்க."

அந்தப் பெண்பிள்ளையின் வெகுளித்தனத்தை நினைத்து மீரானுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

திட்டம் ஐந்தே நிமிஷத்தில் முழுசாகத் தயாராகிவிட்டது. காகிதத்தில் பேர் மஜீதா. இங்கிலீஷ் எழுத்தும் பிரெஞ்சு எழுத்தும் பார்வைக்கு ஒன்றுதான். துணிப் பொதிகளின் மேல் போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து மீரானுக்கு அந்த எழுத்துகள் தெரியும். மஜீதாவில் கடைசி எழுத்து 'ஏ'. அந்த ஒரு எழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால் மிச்சம் மஜீத். நல்ல ஆண்பிள்ளைப் பேர். ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு கட்டைவிரல். பிறகு ஆயுசுக்கும் வண்டி அவருடையது. பேர் கொஞ்சம் மாறியிருக்கும். மாறினால் என்ன? பெண்டாட்டி பேரில் பாதி புருஷனுக்குச் சேராதா?

புதன்கிழமை அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. பிரெஞ்சு ஊரில் பிறந்தவன் நாலு வார்த்தை பிரெஞ்சு பேச வேண்டாமா? மஜீதாவின் வாப்பா சைகோனில் பத்து வருஷம் கடை வைத்திருந்தவர். அவளுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. மீரான் அடுப்படிப் பக்கம் போய் நின்றார். கூரையைப் பார்த்தார். இருமினார்.

"மஜீதா, பிரெஞ்சுல வண்டிக்கு என்ன பேரு?"

"எதுக்கு?"

"சும்மா. அறிவுக்கு."

அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"மாரி," என்றாள்.

"மாரியா? மாரின்னா மழை இல்லே?"

"அது தமிழ்ல. பிரெஞ்சுல மாரின்னா வேற. காலையில வெளியே போகும். சுமை தூக்கும். சாயங்காலம் வந்து சுவத்துல சாஞ்சிக்கும். தானா ஒண்ணும் செய்யாது. நாம திருப்பின பக்கம் திரும்பும்."

"வண்டியேதான்."

"அப்படியே வச்சிக்குங்க."

"இது என் வண்டின்னு சொல்லணும்னா?"

"ஜெ சுயி லெ மாரி. நெஞ்சுல கை வச்சிச் சொல்லணும். அப்பத்தான் அழுத்தம் வரும்."

மீரான் அன்று முழுவதும் அதையே ஜெபித்தார். செமாபோக்கில் கிழங்கு மூட்டையைக் கட்டும்போது சொன்னார். மேட்டில் மிதிக்கும்போது ஒரு மிதிக்கு ஒரு சொல்லாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, நெஞ்சில் கை வைத்துக் கோழிக் கூண்டுக்கு முன்னால் ஏழு தடவை சொன்னார். உள்ளே மஜீதாவுக்கு இருமல் வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை. சவுக்காரப் புகை என்று சொன்னாள்.

வியாழக்கிழமை. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, தோக்கியோவுக்கு விடிந்தால் மலாக்காவுக்கும் விடிந்தது என்று வைத்திருந்தான். எட்டு மணி ஆபீஸுக்கு உண்மையில் ஆறரைக்கே நிற்க வேண்டும். மஜீதா சொன்னபடியே போய்விட்டிருந்தாள். சாவி சொன்னபடியே ஆணியில் தொங்கியது. காகிதம் சொன்னபடியே பெட்டியில் மேலாக இருந்தது. ஓரம் மடங்காமல் இருக்க அடியில் ஓர் அட்டைகூட வைத்திருந்தது. மீரான் அதையும் தம் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பண்டார் ஹிலிருக்கு மிதித்தார்.

வரிசையில் பதினான்காவது ஆள். ஒவ்வொருவரும் வண்டியையும் உள்ளேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். மேசையில் மருதமுத்து என்ற கிராணி இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நாலு பாஷை கற்றுக்கொண்டு, எழுத்து வேலைக்கு வந்தவர். அவருக்குப் பின்னால் தனி மேசையில் ஜப்பான் அதிகாரி ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பெரிய சாப்பு, முத்திரைக் கட்டை, இருந்தது. அந்தச் சாப்பு பாரத்தில் குத்தினால் பில்லை. குத்தாவிட்டால் வண்டி பின்வாசல் வழியாகப் போய்விடும். பின்வாசலுக்கு வெளியே கய்யூமின் சைக்கிள் ஒரு லாரியின் மேல் கால் மேலாகக் கிடப்பதை மீரான் பார்த்தார்.

"வாங்க பாய். பேரு?"

"மஜீத்."

"பொறந்த ஊரு?"

"காரைக்கால்."

"காயிதம்?"

மீரான் நீட்டினார். கட்டைவிரல் 'ஏ'யின் மேல் உட்கார்ந்திருந்தது. மருதமுத்து வாங்கப் பார்த்தார். காகிதம் வரவில்லை.

"விடுங்க பாய்."

"இப்படியே பாருங்க. பழைய காயிதம், கிழிஞ்சிடும்."

"கிழியாம நான் பிடிச்சிக்கிறேன்."

"எனக்குப் பழக்கமான கைதான் இதுக்குச் சரிப்படும்."

மருதமுத்து காகிதத்தை விட்டுவிட்டு மீரானின் முகத்தை உற்றுப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம் சாய்த்தார். கண்ணாடியில் எழுத்துப் படிக்கிறவர்போல உதட்டை அசைத்தார்.

"பாய், கன்னத்துல என்ன?"

மீரானுக்கு அப்போதுதான் உறைத்தது. தோக்கியோ மணிக்காக அன்று ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பிவிட்டார். கன்னம் இன்னும் பழைய மணியிலேயே இருந்தது.

"கொசுக்கடி."

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச கொசு போலிருக்குது," என்றார் மருதமுத்து.

அந்தச் சமயம் பின்னால் இருந்த அதிகாரி எழுந்து வந்தார். ஆபீஸ் முழுவதும் நிமிர்ந்தது. பிறகு முழுவதும் குனிந்தது. குனிவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. இரண்டு கையையும் தொடையோடு ஒட்ட வைத்து, இடுப்பு வரை குனிய வேண்டும். கை ஒட்டாமல் குனிந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். மீரான் கையைத் தொடையில் ஒட்டினார். குனிந்தார். காகிதம் மேசையில் விழுந்தது. 'ஏ' வானத்தைப் பார்த்தது.

அவர் நிமிர்ந்தபோது காகிதம் அதிகாரியின் கையில் இருந்தது. அதிகாரி படித்தார். கோழி கிண்டின எழுத்து என்று மஜீதா சொன்னதை, அச்சுப் படிக்கிறமாதிரி தடங்கலில்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு மீரானின் தாடியைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். மறுபடி தாடியைப் பார்த்தார்.

அதிகாரி ஏதோ முணுமுணுத்தார். மருதமுத்து மெல்லச் சொன்னார்: "பாய், நம்ம ஆபீசர் துவான் நாலு வருஷம் சைகோன்ல இருந்தவர். பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. இந்தக் காயிதத்துல இருக்கிறது பொம்பளைப் பிள்ளைன்னு சொல்றார்."

கய்யூம் சொன்ன அறிவிப்பு மீரானுக்கு நினைவு வந்தது. முதலில் கன்னம், அப்புறம் கம்பி. வண்டி போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது வண்டிக்காரனே பின்வாசல் வழியாகப் போவான் போலிருக்கிறது. அதிகாரி நேராக அவரைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான். நாலைந்து சொல் இருக்கும். ஒரு சொல்லும் புரியவில்லை.

ஆனால் மீரானிடமும் நாலு சொல் இருந்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்தார். மறு கையை நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜெ சுயி லெ மாரி!"

மீரான் கன்னத்தை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அறை விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். அதிகாரியின் மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்து, ஆள் மாறியதுபோலச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த ஒரு பாரத்தை எடுத்தார். பேனாவால் அதில் எதையோ ஒரு கட்டத்தில் சேர்த்து எழுதினார். சாப்பைத் தூக்கினார். குத்தினார். நாகூர் மீரான் வாழ்நாளில் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் இனிமையானது.

"பாரம் எப்படி முன்னாலேயே..." என்று மீரான் இழுத்தார்.

"செவ்வாய்க்கிழமையே அம்மா வந்து எழுதிக் கொடுத்துட்டாங்களே," என்றார் மருதமுத்து. "துவான்கிட்ட ரெண்டு வார்த்தை பிரெஞ்சுல பேசினாங்க. துவானுக்கு ஒரே சந்தோஷம். 'வண்டி என்னுது. வியாழக்கிழமை வீட்டுக்காரர் வண்டியையும் என் பொறந்த காயிதத்தையும் எடுத்துக்கிட்டு வருவார். யாரு என்னன்னு சந்தேகமா இருந்தா அவரையே கேளுங்க. பிரெஞ்சுலயே பதில் சொல்லுவார்'ன்னாங்க. சொன்ன மாதிரியே சொல்லிட்டீங்க பாய்."

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியாமலா சொன்னீங்க? 'நான்தான் புருஷன்'ன்னு சொன்னீங்க."

மீரான் சைக்கிளைப் பார்த்தார். காலையில் வெளியே போகும். சுமை தூக்கும். சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்துகொள்ளும். தானாக ஒன்றும் செய்யாது.

"மாரின்னா..."

"புருஷன்."

மருதமுத்து பில்லையை மாட்டிவிட்டார். எண் நானூற்றுப் பதினேழு. பாரத்துக்குத் தமிழில் ஒரு படியும் எடுத்துக் கொடுத்தார். "பத்திரமா வச்சிக்குங்க பாய். மாசா மாசம் சோதனை உண்டு. சாமான் கட்டத்துல எழுதியிருக்கிறது எல்லாம் வண்டியோட வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் பில்லையைப் புடுங்கிடுவாங்க."

மீரான் காகிதத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. உரிமையாளர் பேர் இருக்கும் இடத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். மேட்டில் மிதிக்கும்போது, சொல்லாமலிருக்க எவ்வளவோ முயன்றும், ஒரு மிதிக்கு ஒரு சொல்லாக அதுவே வாயில் வந்தது.

மஜீதா தெங்கேராவிலிருந்து அவருக்கு முன்னாலேயே திரும்பிவிட்டிருந்தாள். அல்லது போகவே இல்லையோ என்னவோ. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாமும் பக்கத்தில் சாய்ந்து நின்றார். உடனே நினைவு வந்து நிமிர்ந்துகொண்டார்.

"வாங்க மச்சான். பில்லை கிடைச்சுதா?"

"நேரே சொல்லியிருக்கலாமே புள்ளெ."

"ஞாயித்துக்கிழமை நேரேதானே சொன்னேன். எழுந்து நின்னு கத்தினீங்க."

"வண்டியை நீயே கொண்டுபோயிருக்கலாமே."

"நீங்க வண்டியை விட்டு எறங்கினாத்தானே. தூங்கும்போதுகூட மணியைப் பிடிச்சிக்கிட்டில்ல தூங்குறீங்க."

மீரானுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் உட்கார இடம் தேடியது. நாற்காலி அவள் சீர் என்பதால் நின்றுகொண்டே பேசினார்.

"அந்த ஆபீஸ்ல, அத்தனை பேருக்கு முன்னாடி, நெஞ்சுல கை வச்சி..."

"வச்சிச் சொன்னீங்களா?" மஜீதாவின் குரல் சட்டென்று மாறியது. கரண்டியைக் கீழே வைத்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல நாலு பேர் முன்னாடி ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா? நான்தான் இவ புருஷன்னு?"

மீரான் எண்ணிப் பார்த்தார். ஒரு தடவைகூட இல்லை. கோபம் வந்த வழியே போய்விட்டது. அவள் ஒரு தட்டில் கிழங்கைப் போட்டு, தேங்காய்ப் பூவும் தூவி அவர் முன்னால் வைத்தாள். அன்று உப்பு சரியாக இருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எங்கேயாவது ஒரு மூலையிலாவது தம் பேர் இருக்கும் என்று ஒரு நப்பாசை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"கண்ணாடி இல்லே. நீயே படி."

மஜீதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"உரிமையாளர், மஜீதா. பிறந்த ஊர், காரைக்கால். நிறம், கறுப்பு. கம்பி, முன்னால முப்பத்திரண்டு, பின்னால நாற்பது."

"கம்பியெல்லாம் சரியா எழுதியிருக்கியே."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சத்தமா எண்ணுறீங்களே, காது கேக்காதா?"

"என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லியா?"

"இருங்க, இன்னும் ஒரு கட்டம் பாக்கி." அவள் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "வண்டியோடு சேர்ந்த சாமான்கள். மணி ஒண்ணு. விளக்கு ஒண்ணு. பம்பு ஒண்ணு..."

அங்கே நிறுத்திவிட்டாள். அவளுக்கு மறுபடியும் அந்தச் சவுக்காரப் புகை இருமல் வந்துவிட்டது.

"அப்புறம்?" என்றார் மீரான், ஆசையோடு.

"நான் எழுதாத ஒண்ணைத் துவான் கடைசியில சேர்த்திருக்கார் மச்சான்," என்றாள் மஜீதா. "மாரி ஒண்ணு."